தரை தட்டுப்படாத கால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டக் கோயில் திருவிழாவென்றால், கும்மிக்கு முன்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பவர் என் அம்மாதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய கால்கள் அவருடையவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் தாளத்துக்குப் பிந்தியபோது, வயதாகிவிட்டது என்றார்கள். பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித்தரும் நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு திரும்பும் வழியில் அம்மா, "தரை தட்டுப்படலம்மா, பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். மறுவாரம் கிளினிக்கில் தாதி ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுச் சோதித்தபோது, பல இடங்களில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. இனிப்புநீர், அதாவது நீரிழிவு, கால் நரம்புகளைப் பழுதாக்கியிருந்தது.

உடலின் சமநிலையைக் கண்ணும் உட்செவியும் பாதத்தின் உணர்வும் சேர்ந்து காக்கின்றன. நடக்கும்போது தரையைப் பார்த்துப் பாதத்தின் குறையைக் கண் ஈடுசெய்துவிடும்; கும்மியில் குனிந்து, சுழன்று, பக்கத்தில் ஆடுபவரைப் பார்த்துக் கைதட்டும்போது அந்த உதவி கிடைக்காததால், மறைந்திருந்த குறை வெளியே வந்துவிடுகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியரிடையே அந்த அளவு இன்னும் அதிகம். அப்படியிருக்க, ஆட்டத்தை மேடைக்கும் பரிசுக்கும் மட்டும் என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001 முதல், உடல் அசைவைப் பாதிக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு நடனம் கற்பிக்கிறது. நடக்கும்போது கால் உறைந்து நின்றுவிடும் அவர்களில் பலருக்கு, வெளியிலிருந்து வரும் தாளம் அடுத்த அடியை எடுக்க உதவுகிறது.

ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன், என் துறையைச் சேர்ந்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. வெறுங்காலோடு ஆடுவது நம் மரபு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் உணர்விழந்த காலை, பரதத்தின் அடிப்படை அடவான தட்டடவுக்காகத் தரையில் ஓங்கித் தட்டச் சொல்வது ஆபத்தானது, ஏனெனில் வலி தெரியாத பாதத்தில் ஏற்படும் சிறு கீறல்கூடக் கவனிக்கப்படாமல் புண்ணாகி, சீழ்பிடித்து, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

ஆகவே சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு முற்றத்தில் எட்டுப் பெண்கள் காலுறையும் மூடிய காலணியும் அணிந்து, ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "தையா தை" என்ற சொற்கட்டுக்கு மெதுவாக அடி வைக்கிறார்கள். தாளம் தப்பினால் யாரும் திருத்துவதில்லை. எந்தக் கால் தப்பியது என்று நான் குறித்து வைக்கிறேன், அடுத்த முறை கிளினிக்கில் சொல்வதற்காக. ஆட்டம் முடிந்ததும் காலணியைக் கழற்றி, ஒருவர் பாதத்தை மற்றவர் மடியில் வைத்து, வெளிச்சத்தில் விரலிடுக்குவரை பார்த்த பிறகுதான் தேநீர்.