மூண்டு புள்ளடியும் நாலு வெள்ளைப் பூவும்

(2024 நவம்பர் 13, புதன் பின்னேரம். இலங்கையின் மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. விடிந்தால் பாராளுமன்றத் தேர்தல். கண்ணகி அம்மன் கோயிலால் மாமி வருகிறார். பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக் கடமை பார்த்து ஓய்ந்த வாத்தியார் மருமகன், பேப்பரோடு இருக்கிறார்.)

மாமி: அம்மாள் உத்தரவு தந்திட்டா மருமகன். வெத்திலைக்குள்ள வெள்ளைப் பூவும் செவ்வரத்தம் பூவும் கட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் கேட்டன். வெள்ளை வந்தா அம்மாளுக்குச் சம்மதம். நாலு பேருக்கு வெள்ளை.

மருமகன்: எத்தின பேருக்குக் கேட்டீங்க?

மாமி: ரெண்டு கட்சி, பதினாறு பேர். பாதியில பூசை பண்ணுற கட்டாடியார் கதவச் சாத்தப் பாத்தார்.

மருமகன்: மட்டக்களப்புக்கு 5 ஆசனம். அதோட 3 கூட்டி, ஒரு கட்சிக்கு 8 பேர். கணக்குச் சரி. ஆனா கட்சிக்குள்ள ஆளத் தெரிஞ்சு போடுற விருப்பு வாக்கு மூண்டுதான்.

மாமி: நாலாவது ஆளுக்குச் சின்னதா ஒரு புள்ளடி போட்டா?

மருமகன்: சின்னதோ பெரிசோ, நாலு போட்டா நாலும் போயிடும். கட்சிக்குப் போட்டது மட்டும் மிஞ்சும். நாலு பேரும் ஒரே கட்சிதானே?

மாமி: மூண்டு பேர் ஒண்டில, ஒராள் மற்றதில. பேரக் கேளாதீங்க, அம்மாளுக்கும் எனக்கும் தெரிஞ்சாக் காணும்.

மருமகன்: பேர் வேணாம். மற்ற ஆளிட இலக்கம்?

மாமி: ஆறு.

மருமகன்: அங்கதான் கோளாறு. வாக்குச் சீட்டில ஆளிட பேரும் இல்ல, படமும் இல்ல. மேல கட்சியும் சின்னமும், கீழ வெறும் இலக்கப் பெட்டி. நீங்க உங்கட கட்சிக்குப் புள்ளடி போட்டிட்டு ஆறுக்கும் போட்டா, அது உங்கட கட்சியில ஆறாம் இலக்கத்தாருக்குத்தான் சேரும்.

மாமி: ஐயோ! அந்தாளுக்குச் செவ்வரத்தம் பூவல்லோ விழுந்த!

மருமகன்: எண்ணுறவங்களுக்குப் பூ தெரியாது மாமி.

மாமி: அப்ப ரெண்டு கட்சிக்கும் போட்டா?

மருமகன்: முழுச் சீட்டும் நிராகரிப்பு. கட்சிய விட்டுட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் அதே கதிதான். ஆளிட இலக்கத்தப் பாடமாக்கின அவசரத்தில மேல போட மறந்திடுற சனம் இரிக்கு. முதல்ல கட்சி, மறுகாதான் இலக்கம்.

மாமி: சரி, ஆற விடுறன். மிச்ச மூண்டில ஒண்டு எட்டு. சனிட எண்! அந்தாள் பாத்து எடுத்திருக்கக் கூடாதா?

மருமகன்: அவர் எங்க எடுத்தார்? பேரச் சிங்கள அகரவரிசையில அடுக்கி இலக்கம் குடுக்கிற.

மாமி: அப்ப எட்டுப் பெட்டியில கொஞ்சம் குங்குமம் தடவினா தோஷம் போகும்.

மருமகன்: சீட்டும் போகும். போட்டது ஆரெண்டு காட்டுற அடையாளம் இருந்தாச் செல்லாது. குங்குமம் நெத்தியில இருக்கட்டும், கைய நல்லாத் துடைச்சிட்டுப் போங்க.

மாமி: விரலுக்கு மை பூசுவாங்களே?

மருமகன்: செப்டெம்பர்ல சனாதிபதித் தேர்தலுக்குப் பூசின சின்ன விரல் இன்னும் கறுப்பு. அதால இந்தமுறை இடக்கை ஆட்காட்டி விரல்.

மாமி: இடக்கைதானே? விபூதிக் கைக்குக் குறையில்ல. நாளைக்கு வியாழன், ராகு காலம் ஒண்டரைக்கு.

மருமகன்: காலம 7 மணிக்கே போங்க. 4 மணிக்குச் சாத்திடுவாங்க. அடையாள அட்டைய மறந்திடாதீங்க, கைத்தொலைபேசிய வீட்டில வைங்க.

மாமி: நேத்து ஒருத்தன் வந்து, தங்களுக்குப் போடாட்டி அம்மாள் வருத்தம், அம்மை நோய், வருமெண்டான்.

மருமகன்: நேத்தா? பிரசாரம் 11ஆந் தேதி நடுச்சாமத்தோட முடிஞ்சு. அது ஒரு குத்தம். சாமியச் சொல்லி வெருட்டினது அதவிடப் பெரிய குத்தம். 1981ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில அதுக்குப் பேர் தகாத செல்வாக்கு.

மாமி: அம்மாள் அவன்ட வேலைக்காரியா? கலைச்சு விட்டன். அது கிடக்கட்டும், அந்த ஆறாம் இலக்கத்துக்கு நீங்க போட்டுடுங்களன்.

மருமகன்: எனக்கு வேற கட்சி மாமி.

மாமி: அப்ப நாளைக்குச் சோறும் வேற வீட்டில.

மருமகன்: மாமி! சாமியச் சொல்லி வெருட்டினா மட்டுமில்ல, இந்த உலகத்துக் கேட்டச் சொல்லி வெருட்டினாலும் அதே சட்டந்தான்!

மாமி: பட்டினி போட்டாத்தானே கேடு? பழஞ்சோறு தாறன்.