1948இல் திம்மையா இராணுவத் தலைமைத் தளபதியா?

1948 காஷ்மீர்ப் போரில் வென்ற தலைமைத் தளபதி திம்மையா, நேருவும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனும் அவமதித்ததால் பதவி விலகினார் என்று பரவும் செய்தி தவறானது. அப்போது தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரிட்டிஷ் அதிகாரி ராய் புச்சர். பாதுகாப்பு அமைச்சர் பல்தேவ் சிங். மேனனோ லண்டனில் தூதராக இருந்தார். திம்மையா அந்த ஆண்டு நவம்பரில் காஷ்மீரின் சோஜி லா கணவாயின் பனிக்குள் டாங்கிகளை ஏற்றிக் காட்டிய டிவிஷன் தளபதி. அவர் தலைமைத் தளபதியானது 1957இல்தான். அதற்குள் பாதுகாப்பு அமைச்சராகியிருந்த மேனனுடன் பிணங்கி 1959இல் ராஜினாமா கடிதம் கொடுத்ததும், நேரு வற்புறுத்தியதால் அதைத் திரும்பப் பெற்றதும் உண்மை. வதந்தி அதைத்தான் பதினோரு ஆண்டுகள் பின்னுக்கு இழுத்திருக்கிறது. பதவிக்காலம் முடிந்து 1961இல் ஓய்வுபெற்றார். 1953இல் கொரியாவில் போர்க்கைதிகளுக்கான நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியிருந்த அவர், 1964இல் சைப்ரஸில் ஐ.நா. படைத் தளபதியானார், 1965 டிசம்பரில் அங்கேயே காலமானபின், அந்நாடு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.