பாண்டாவைச் சோம்பேறி என்று சொன்னவருக்கு

பள்ளிக் கண்காட்சியில் சிறப்பு விருந்தினர் பேசிய அந்தக் காணொளியைச் சேலத்து நண்பர்கள் அனைவரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் சிரிப்புக் குறியுடன் அனுப்பியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கையால் வரைந்த பாண்டா அட்டையின் அருகே நின்றுகொண்டிருக்கும்போதே, “கரடியாகப் பிறந்து புல்லைத் தின்று, தின்றதும் செரிக்காமல் படுத்துக் கிடக்கும் சோம்பேறி, இயற்கை செய்த தவறு” என்று அவர் சொன்னார், அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டாவின் உடல் தவறு அன்று. ஊனுண்ணி முன்னோரிடமிருந்து வந்த உடல், கிடைத்த உணவுக்கேற்பத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தம் பெற்றிருக்கிறது.

கூடை முடைபவர்கள் மூங்கிலைப் பிளப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். அதைப் பல்லாலேயே பிளந்து அரைப்பதற்காகப் பாண்டாவின் கடைவாய்ப் பற்கள் அகன்று தட்டையாகியிருக்கின்றன. தாடைத் தசைகள் பற்றிக்கொள்ள மண்டையோட்டின் உச்சியில் எலும்பு மேடு ஒன்று எழும்பியிருக்கிறது. தண்டைப் பிடித்துக்கொள்ள மணிக்கட்டின் சிறிய எலும்பு ஒன்று நீண்டு கட்டைவிரலின் வேலையைச் செய்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிடைத்த, 60 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தைய பாண்டா இனத்துப் புதைபடிவத்திலேயே இந்த எலும்பு நீண்டிருக்கிறது. இறைச்சியின் சுவையை உணர உதவும் மரபணு ஒன்று ஏறத்தாழ 42 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செயலிழந்ததாக மரபணு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரே சொல்லில் தவறு என்று தள்ளிவிட எப்படி மனம் வருகிறது?

“தின்பதில் 17 விழுக்காடுதானே செரிக்கிறது” என்று கேட்பீர்கள். உண்மைதான். பசுவுக்கு இருப்பது போன்ற பல அறை வயிறு அதற்கு இல்லை. குடலும் ஊனுண்ணியின் குட்டைக் குடல்தான். ஆனால் நாரைச் செரிக்க அது காத்திருப்பதே இல்லை. நாளொன்றுக்கு 12 கிலோவுக்கு மேல், சில நாள்களில் 38 கிலோ வரை தின்று, விரைவில் வெளியேற்றிவிட்டு மீண்டும் தின்கிறது. அதற்காக 12 மணி நேரத்துக்கும் மேல் செலவிடுகிறது. பருவத்துக்கேற்பக் குருத்தையும் இலையையும் தேடி மலையில் ஏறி இறங்குகிறது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, அது பெறும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி புரதத்திலிருந்து வருகிறது. ஊனுண்ணிகளின் உணவிலும் கணக்கு ஏறத்தாழ இதுவேதான். அந்தக் குட்டைக் குடலுக்கு இதில் என்ன பொருத்தக் குறைவு?

என்னை மிகவும் சுட்டது ‘சோம்பேறி’ என்ற சொல். 2015-இல் பாண்டாக்களின் ஆற்றல் செலவை அளந்தபோது, அதே எடையுள்ள பிற பாலூட்டிகள் செலவிடுவதில் 38 விழுக்காடு மட்டுமே அவை செலவிடுவது தெரியவந்தது. மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை சிறியவை. தைராய்டு சுரப்பும் மிகக் குறைவு. வரவு குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவதைச் சோம்பல் என்று யாரும் சொல்வதில்லை.

ஏற்காட்டில் நாங்கள் படித்த காலத்தில் என் தங்கை பனிக்காலக் காலைகளில் கம்பளியை விட்டு எழ முடியாமல் கிடப்பாள், வகுப்பில் கண்ணயர்வாள். ‘சோம்பேறி’ என்று பெயர் வைத்து ஆசிரியர் பெஞ்சின்மேல் நிற்கவைத்தார், உறவினர்களும் அதையே சொன்னார்கள், ஒருநாள் நானும் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சேலத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. அவளுக்கு இருந்தது நோய், பாண்டாவுக்கு இருப்பது பொருத்தம். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும், யாரும் வந்து திருத்த வேண்டாம். ஆனால் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே பெயர் வைப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அவள் அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சீன விலங்குக்காகச் சேலத்தில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. “அப்படியானால் ஏன் அழிந்துகொண்டிருக்கிறது?” என்பவர்களுக்கு மட்டும்: காடுகளை வெட்டியதும் துண்டாக்கியதும் மனிதர்கள். பாதுகாப்புக்குப் பின் 2014-இல் முடிந்த கணக்கெடுப்பில் காட்டில் 1,864 பாண்டாக்கள் இருந்தன. முந்தைய கணக்கைவிட அது கூடுதல்.

அந்த மாணவிக்கு இப்பதிவை யாராவது காட்டுங்கள். அட்டையைக் கிழித்துவிடாதே, அம்மா. அதில் ஒரே ஒரு திருத்தம்தான் தேவை: ‘ஆறாவது விரல்’ என்று எழுதியிருக்கிறாய், அது விரல் அன்று, மணிக்கட்டு எலும்பு. அந்தப் பழைய புதைபடிவத்தில் இருந்ததைவிட இன்றைய பாண்டாவுக்கு அது குட்டையாகி, நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கிறது. அதே கையை ஊன்றித்தான் அது நடக்கவும் வேண்டும். அந்த வளைவையும் வரைந்துவிடு.