கிருமி நீக்கம் வேறு, சுத்தம் வேறு

ஒருவர், நரம்புக் கோளாறால் சிறுநீர் கழிக்க முடியாதவர்களுக்கு அவ்வப்போது சிறுநீர்ப்பைக்குள் டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்கும் முறையையே அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ்தான் கண்டுபிடித்தார், கை கழுவக்கூட வேண்டாம் என்றார் என எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் இதைக் கிருமி நீக்கிய முறையில் முன்பே செய்துவந்தார். 1966-ல் அதுபற்றி அவரது கட்டுரையும் வந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழக அறுவை மருத்துவரான லாப்பிடஸ் 1972-ல் சொன்னதுதான் பெரிய திருப்பம்: நோயாளியே, வீட்டிலேயே, கிருமி நீக்காமல் சுத்தமான முறையில் மட்டும் செய்துகொள்ளலாம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, தொற்று அதனால்தான் பிடிக்கிறது என்பது அவர் வாதம். ஆகவே நேரத்துக்குக் காலி செய்வதே முக்கியம் என்றார். ஆனால் சுத்தம் என்றால் கை கழுவுவதும் சேர்த்துத்தான். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.