உரிமை இருக்கு சரி, அதுக்காக 73 ஜெயிச்ச டீமுக்கா?

ஜூலை மாசம் வந்து என்பிஏ-ல (அமெரிக்க கூடைப்பந்து லீக்) ஃப்ரீ ஏஜென்சி பேச்சு, அதாவது கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆட்டக்காரங்க புது டீம் பாக்கிற பேச்சு, ஆரம்பிச்சா போதும், யாராவது ஒருத்தர் எங்கிருந்தாவது வந்துடுறாங்க. "கெவின் டுரான்ட் செஞ்சதுல என்னப்பா தப்பு? கான்ட்ராக்ட் முடிஞ்சது, பிடிச்ச இடத்துக்குப் போனார், அது அவர் உரிமை." உரிமை இல்லன்னு யாருய்யா சொன்னது? ஒக்லஹோமா சிட்டி தண்டரை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போறேன்னு அவர் சொன்ன 2016 ஜூலை 4-லேருந்து இன்னிக்கு வரைக்கும் அந்த உரிமையைப் பத்தி ஒருத்தரும் சண்டை போடல. சண்டை வேற விஷயத்துக்கு. அதை மட்டும் காதுல வாங்கவே மாட்டேங்குறாங்க.

சரி, அந்த வருஷம் மே 28-க்குப் போவோம். தண்டருக்கும் கோல்டன் ஸ்டேட்டுக்கும் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல் (அரையிறுதி மாதிரி, ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிக்கணும்), ஆறாவது ஆட்டம், ஒக்லஹோமா சிட்டியில தண்டரோட சொந்த அரங்கம். தண்டர் 3-2 முன்னாடி. அதுக்கு முன்னாடி 3-1. மூணாவது ஆட்டத்துல 28 பாயிண்ட், நாலாவதுல 24 பாயிண்ட் வித்தியாசத்துல கோல்டன் ஸ்டேட்டைப் புரட்டி எடுத்திருந்தாங்க. அதுக்கும் முந்தின ரவுண்டுல 67 ஆட்டம் ஜெயிச்ச சான் அன்டோனியோவை வீட்டுக்கு அனுப்பியாச்சு. இது ஏதோ நோஞ்சான் டீம் இல்ல. ஆறாவது ஆட்டத்துல நாலாவது குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது ஸ்கோர் 83-75, தண்டர் பக்கம். பன்னெண்டு நிமிஷம் தாக்குப்பிடிச்சா ஃபைனல்ஸ்.

அந்தப் பன்னெண்டு நிமிஷத்துல கோல்டன் ஸ்டேட் 33, தண்டர் 18. கிளே தாம்சன் அந்தக் குவார்ட்டர்ல மட்டும் 19 பாயிண்ட். மொத்த ஆட்டத்துல 11 த்ரீ (தூரத்துலேருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்), அன்னிக்கு பிளேஆஃப் ரெக்கார்டு அது. டுரான்ட்? 31 தடவை போட்டு 10 உள்ள. த்ரீ எட்டுக்கு ஒண்ணு. கடைசி ரெண்டு மூணு நிமிஷம் பந்தைக் கையில வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம அவரும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் மாறி மாறிப் பறிகொடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஏழாவது ஆட்டம், 96-88, முடிஞ்சது.

தோக்கறது விளையாட்டுல சகஜம். ஆனா தோத்து அஞ்சே வாரத்துல, யார்கிட்ட தோத்தாரோ அந்த வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டார் மனுஷன். அதுவும் எந்த டீமுக்கு? 73 ஜெயிச்சு 9 தோத்து, 1996 சிகாகோவோட 72-ஐயே தாண்டின டீமுக்கு. 2015 சாம்பியன். ஒரு ஓட்டு விடாம எல்லா ஓட்டும் வாங்கி எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்) ஆன ஸ்டெஃபன் கரி இருக்கிற டீமுக்கு. கிளீவ்லாண்டுகிட்ட ஃபைனல்ஸ்ல 3-1 முன்னிலையைக் கோட்டை விட்டாங்க, நிஜம்தான். டிரேமண்ட் கிரீன் அஞ்சாவது ஆட்டத்துல சஸ்பெண்ட் ஆகாம இருந்திருந்தா கதை வேறன்னு பாதிப் பேர் இன்னும் சொல்றாங்க. கடைசில ஏழாவது ஆட்டம் ஒண்ணு, 93-89, நாலு பாயிண்ட். அந்த நாலு பாயிண்ட் ஓட்டையை அடைக்க உலகத்துலயே ரெண்டாவது மூணாவது இடத்துல இருக்கிற ஆட்டக்காரர் வேணுமா?

"லெப்ரான் ஜேம்ஸ் மட்டும் 2010-ல மயாமி போகலையா?"ன்னு அடுத்து வரும். போனார். அதை ஒரு மணி நேர டிவி நிகழ்ச்சியா வேற போட்டு எல்லாருக்கும் எரிச்சல் கிளப்பினார். ஆனா அந்த மயாமி முந்தின சீசன்ல 47 ஜெயிச்சு, முதல் ரவுண்டுலயே பாஸ்டன்கிட்ட 4-1-ன்னு வெளியே போன டீம். லெப்ரானும் கிறிஸ் போஷும் போய்ச் சேர்ந்த முதல் வருஷமே ஃபைனல்ஸ்ல டல்லஸ்கிட்ட தோத்தாங்க. அதாவது தோக்கறதுக்கு வாய்ப்பு இருந்துச்சு. காலியா இருந்த மனையில வீடு கட்டறதும், கட்டி முடிச்சு கிரகப்பிரவேசம் ஆன வீட்டுல குடி போறதும் ஒண்ணா? வேடிக்கை என்னன்னா, 2010-ல எல்லாரும் ஒரே டீம்ல போய்ச் சேர்றதைக் கிண்டல் பண்ணி ட்வீட் போட்டவரே டுரான்ட்தான். அந்த ஜூலைல சத்தமில்லாம ஒக்லஹோமால அஞ்சு வருஷ எக்ஸ்டென்ஷன் போட்டு நல்ல பேரும் வாங்கினார்.

இப்ப நிஜமா வயித்தெரிச்சல் கிளப்புற இடத்துக்கு வருவோம். கணக்கு. இந்தக் கணக்கு தெரியாமத்தான் "உரிமை, உரிமை"ன்னு பேசுறாங்க.

2015-16 சீசனுக்கு சாலரி கேப் (வெளியிலேருந்து ஆளை எடுக்கும்போது டீமோட மொத்தச் சம்பளத்துக்கு இருக்கிற உச்சவரம்பு) 70 மில்லியன் டாலர். 2016-17-க்கு 94.14 மில்லியன். ஒரே வருஷத்துல 24 மில்லியன் எகிறிச்சு. காரணம், 2014 அக்டோபர்ல ஈஎஸ்பிஎன், டர்னர் ரெண்டு பேரோடயும் போட்ட 24 பில்லியன், ஒன்பது வருஷ டிவி ஒப்பந்தம். அது அமலுக்கு வந்த முதல் சீசன்தான் 2016-17. லீக் வருமானத்துல பாதி ஆட்டக்காரங்களுக்குப் போகணும்னு விதி, அதனால வருமானம் குதிச்சா கேப்பும் குதிக்கும். இது நடக்கும்னு லீக்குக்கு முன்னாடியே தெரியும். "படிப்படியா ஏத்தலாம், விடுபட்ட பணத்தை ஆட்டக்காரங்களுக்குத் தனியா பிரிச்சுக் கொடுத்துடலாம்"னு 2015-ல யூனியன்கிட்ட கேட்டாங்க. யூனியன் முடியாதுன்னுடுச்சு. செயற்கையா சம்பளத்தை அமுக்குறதுக்கு நாங்க எதுக்குச் சம்மதிக்கணும்னு அவங்க வாதம். தொழிலாளி பக்கம் நின்னு பார்த்தா தப்பான வாதம் இல்ல. ஆனா விளைவு என்னாச்சு பாருங்க.

2016-17-க்கு கோல்டன் ஸ்டேட் கையெழுத்துப் போட்டு வச்சிருந்த சம்பளம்: கரி 12.1, தாம்சன் 16.7, கிரீன் 15.3, இக்வொடாலா 11.1, லிவிங்ஸ்டன் 5.8. கூட்டினா 61 மில்லியன். அந்த 12.1-ஐ இன்னொரு தடவை படிங்க. எம்விபிக்கு 12.1! 2012-ல கணுக்கால் மாத்தி மாத்தி அடிபட்டுக்கிட்டு இருந்த நேரத்துல நாலு வருஷத்துக்கு 44 மில்லியன்னு கரி போட்ட கையெழுத்து, அதோட கடைசி வருஷம் அது. ஒரே ஒரு வருஷம் முன்னாடி அந்தக் கான்ட்ராக்ட் முடிஞ்சிருந்தாலும் இந்த வேலை நடந்திருக்காது.

டுரான்டுக்குக் கொடுக்கக்கூடிய உச்ச சம்பளம் 26.5 மில்லியன். (பேருக்குத்தான் கேப்ல 30 சதவீதம். உச்ச சம்பளத்தைக் கணக்குப் போடுற சூத்திரம் தனி, அதனால நிஜத்துல 28 சதவீதம்தான் வரும்.) 61-ம் 26.5-ம் 87.5. மீதி ஆறரை மில்லியன்ல சின்ன கான்ட்ராக்டுகளையும் காலி இடங்களுக்குப் பிடிக்கிற தொகையையும் அடக்கிடலாம். இடைஞ்சலா இருந்தது ரெண்டே பேர். ஒண்ணு ஆண்ட்ரூ போகட், சம்பளம் 11 மில்லியன். ஒரு டிராஃப்ட் பிக்கையும் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு) சேர்த்துக் கட்டி டல்லஸுக்குத் தள்ளிவிட்டாச்சு. ரெண்டாவது ஹாரிசன் பார்ன்ஸ், ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் (வேற டீம் விலை பேசினா, பழைய டீம் அதே விலை கொடுத்து வச்சுக்கலாம்). அவர் பேர்ல நிக்கிற கேப் ஹோல்டு (கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளுக்காகக் கேப்ல ஒதுக்கி வைக்கிற தொகை) போகணும்னா உரிமையை விட்டுக்கொடுக்கணும். விட்டாங்க, அவரையும் அதே டல்லஸ் நாலு வருஷம் 94 மில்லியனுக்கு எடுத்துக்கிச்சு. கிளீவ்லாண்டுக்கு எதிரா கடைசி மூணு ஆட்டத்துல 32 ஷாட்டுக்கு 5 போட்டவர் பார்ன்ஸ். அந்த இடத்துல டுரான்ட்!

இப்ப மாத்திக் கணக்குப் போடுங்க. கேப் ஒரு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாதுன்னு வச்சுக்குவோம். 70 வந்து 77 ஆகும். டுரான்டோட உச்ச சம்பளமும் அதே விகிதத்துல இறங்கி 21.7 கிட்ட வரும். 61-ம் 21.7-ம் 82.7. ஐந்தே முக்கால் மில்லியன் மேல போகுது, மத்த ஆளுங்களைச் சேர்க்காமலே. போகட்டையும் பார்ன்ஸையும் அனுப்பினாலும் பத்தாது, இக்வொடாலாவையும் தூக்கணும். 2015 ஃபைனல்ஸ் எம்விபி அவர். அப்ப இது நிஜமான முடிவா இருந்திருக்கும். ஒண்ணை வாங்க இன்னொண்ணை இழக்கணும். நடந்தது அப்படி இல்ல. தேருக்குப் பாதையும் போட்டு, வடமும் கட்டி, மேட்டையும் வெட்டிக் கொடுத்துட்டு, ஓடிச்சேன்னு கைதட்டுறாங்க.

பணத்துக்காகப் போனார்னும் சொல்ல முடியாது. முதல் வருஷ உச்ச சம்பளம் எங்க போனாலும் ஒண்ணுதான். ஒக்லஹோமான்னா ஐந்தாவது வருஷமும் 7.5 சதவீத உயர்வும் கூடுதலா கிடைக்கும், வெளியே 4.5 தான். அடுத்த வருஷம் 2017-ல 31.8 மில்லியன் வரைக்கும் கேட்க விதி இடம் கொடுத்துச்சு, மனுஷன் 25 போதும்னுட்டார். இக்வொடாலாவும் லிவிங்ஸ்டனும் தங்கணுமாம். பெருந்தன்மைன்னு ஊரே மெச்சுச்சு. அவர் குறைச்சுக்கிட்ட ஒவ்வொரு டாலருக்கும் ஓனருக்கு லக்சரி டாக்ஸ்ல (சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினா டீம் கட்டுற வரி) அதைவிட அதிகமா மிச்சம். யாருக்கு யார் தானம் பண்றது?

கோர்ட்டுல என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கரி பந்தோட வர்றார், டுரான்ட் வந்து ஸ்கிரீன் நிக்கிறார், அதாவது கரியைத் தடுக்கிறவர் வழியை மறிச்சு நிக்கிறார். தடுக்கிறவங்க ஆளை மாத்திக்கிட்டா, கரியைத் தடுத்துக்கிட்டு இருந்த ஆறடி மூணங்குல ஆள் ஏறக்குறைய ஏழடி டுரான்டுக்கு முன்னாடி மாட்டுவார். அவர் கையை நீட்டினாலும் டுரான்ட் முகத்துக்குத்தான் எட்டும், பந்துக்கு எட்டாது. மாத்தாம ஸ்கிரீனுக்குக் கீழ போனா கரி அங்கேயே நின்னு த்ரீ போடுவார். ரெண்டு பேரும் கரி மேல பாய்ஞ்சா பந்து கிரீன் கைக்கு, அங்கிருந்து நாலுக்கு மூணு, மூலையில தாம்சன் கையைத் தட்டிக்கிட்டுக் காத்திருப்பார். இதுக்கு எந்தக் கோச்கிட்டயும் பதில் இல்ல. இருந்தா 2017 பிளேஆஃப்ல 16-1-ன்னு போயிருக்க மாட்டாங்க. முதல் 15 ஆட்டம் தொடர்ந்து ஜெயிச்சாங்க. ஃபைனல்ஸ் மூணாவது ஆட்டத்துல கிளீவ்லாண்ட் ரெண்டு பாயிண்ட் முன்னாடி, 45 செகண்ட் மிச்சம். டுரான்ட் ரீபவுண்ட் (உள்ள போகாம திரும்பின பந்து) எடுத்து தானே ஓட்டிட்டு வந்து, லெப்ரான் தலைக்கு மேல த்ரீ. அழகான ஷாட். அதை ஒத்துக்கலன்னா பொய். ஆனா அந்த ஷாட்டை 2016 மே 28 ராத்திரி தன் சொந்த அரங்கத்துல போட்டிருக்கணும்யா. அதான் வேதனை.

2018-ல ஹூஸ்டன் மட்டும் கொஞ்சம் ஆட்டிப் பார்த்துச்சு. 65 ஜெயிச்ச டீம், 3-2 முன்னாடி. கிறிஸ் பால் தொடைத்தசை பிடிச்சு வெளியே உட்கார்ந்தார். ஏழாவது ஆட்டத்துல தொடர்ந்து 27 த்ரீ வெளியே போச்சு. அவ்வளவுதான், அந்த ரெண்டு வருஷத்துல மூச்சைப் பிடிச்சுப் பார்த்த தொடர் அது ஒண்ணே ஒண்ணு. ஃபைனல்ஸ் 4-0. அது பத்தாதுன்னு அந்தக் கோடையில 5.3 மில்லியனுக்கு டிமார்கஸ் கசின்ஸ் வேற.

ஒக்லஹோமாவும் யோக்கியம் இல்லங்க. 2012-ல நாலு வருஷத்துக்கு சில மில்லியன் பேரத்துல ஜேம்ஸ் ஹார்டனை விட்டுட்டு, நாலு வருஷம் கழிச்சு "துரோகம்"னு ரசிகருங்க டுரான்ட் ஜெர்சியை எரிச்சா யார் கேட்பா? அந்த டீமே 2008-ல சியாட்டில்லேருந்து தூக்கிட்டு வந்ததுதானே. டுரான்ட் முதல் வருஷம் ஆடினது அங்கதான். விசுவாசம் பத்திப் பேச சியாட்டில்காரங்களுக்குத்தான் முதல் உரிமை. 2017 பிப்ரவரியில டுரான்ட் திரும்பி வந்தப்ப கப்கேக் (மெத்துன்னு இருக்கிற ஆள்னு கிண்டல்) வேஷம் போட்டுக்கிட்டுக் கத்தினாங்க. அவர் 34 பாயிண்ட் போட்டுட்டுப் போனார். வெஸ்ட்புரூக் தனியா இழுத்து, சீசன் முழுக்க ட்ரிபிள் டபுள் (பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூணுலயும் பத்தோ அதுக்கு மேலயோ) சராசரி வச்சு எம்விபி வாங்கினார். டீம் முதல் ரவுண்டைத் தாண்டல.

டுரான்ட் வர்றதுக்கு முன்னாடி 2015-ல கோல்டன் ஸ்டேட் சாம்பியன். அவர் 2019-ல ப்ரூக்ளின் கிளம்பினப்புறம், 2022-ல அதே கரி, தாம்சன், கிரீன் மறுபடி சாம்பியன். நடுவுல இருக்கிற ரெண்டு கோப்பைக்கும் ஃபைனல்ஸ் எம்விபி டுரான்ட். ப்ரூக்ளின், ஃபீனிக்ஸ், இப்ப ஹூஸ்டன்னு சுத்திட்டு இருக்கார், அதுக்கப்புறம் ஒரு ஃபைனல்ஸ் கூட ஆடல.

லீக் என்ன பண்ணுச்சு தெரியுமா? யூனியனோட போட்ட 2023 ஒப்பந்தத்துல கேப் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாதுன்னு எழுதிட்டாங்க. இந்தத் தடவை வந்த டிவி பணம் 76 பில்லியன், 11 வருஷத்துக்கு. 2024-25-ல கேப் 140.6 மில்லியன், 2025-26-ல 154.6. அச்சு அசலா பத்து சதவீதம். யூனியனும் வாயைத் திறக்காம கையெழுத்துப் போட்டிருக்கு. இதை 2015-லயே போட்டிருந்தா என்னய்யா குறைஞ்சு போயிருக்கும்?