கோபாலன் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லை

தம்பி, "எம்.ஜே.கோபாலன் நம்ம கும்பகோணத்துக்காரர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி தங்கம் வாங்கினார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ரெண்டுமே தப்பு. அவர் பிறந்தது செங்கல்பட்டு மாவட்டம் மொறப்பாக்கம். காவிரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு வர ஆசைதான், என்ன செய்வது!

ஹாக்கியில் கெட்டிக்காரர்தான், கிரிக்கெட்டும் ஆடியவர். 1935இல் தயான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனவர். ஆனால் 1936இல் பெர்லினா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவரை ஒரு டெஸ்டிலும் இறக்கவில்லை. ஹாக்கி அணியோ ஜெர்மனியை 8-1 என அடித்துத் தங்கத்தோடு திரும்பியது. அவர் ஆடிய ஒரே டெஸ்ட் 1934 ஜனவரியில், கல்கத்தாவில்.

உண்மையான பெருமை வேறு இருக்கிறது: 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். அப்புறம், அவரைப் "பயிற்சியாளர்" என்றும் எழுதியிருக்கிறீர்களே, 1950களில் அவர் இருந்தது தேசியக் கிரிக்கெட் அணித் தேர்வாளராக.

சம்பா அறுவடை முடிந்த வயலில் காலையில் ஹாக்கி மட்டையும் சாயங்காலம் பேட்டும் பிடிக்கும் மன்னார்குடிப் பசங்களுக்கு இதைச் சரியாகவே சொல்லுங்கள்.