‘ஆர்டருக்கு நன்றி’ பக்கத்தோடு முடிந்துபோகும் எங்கள் ஈ-பிசினஸ்

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். எலெக்டிவ் பேப்பர் ஈ-பிசினஸ். அந்தத் தைரியத்தில் ஒன்று சொல்கிறேன்: எங்களுக்கு ஆன்லைனில் கடை போடத் தெரியும், வியாபாரம் செய்யத் தெரியாது. யாரும் சொல்லித்தரவும் இல்லை.

எங்கள் வகுப்பு ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பாருங்கள். ஆன்லைன் புத்தகக் கடை, ஆன்லைன் மருந்துக் கடை, ஆன்லைன் மளிகை, ஆன்லைன் கேக். பெயர்ப்பலகைதான் வேறு. உள்ளே போனால் லாகின், பொருள் பட்டியல், கூடை, பணம் கட்டும் பக்கம், கடைசியில் ஒரு பச்சை டிக் போட்டு ‘ஆர்டர் செய்ததற்கு நன்றி’. கைதட்டல், அடுத்த டீம் வரலாம். இதில் சிலது ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது என்பது கைடுக்கும் தெரியும், வெளியிலிருந்து மதிப்பெண் போட வரும் எக்ஸ்டர்னலுக்கும் தெரியும். புரோகிராம் கோடு, ரிப்போர்ட், பிபிடி, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். அவர்களைத் திட்ட இதை எழுதவில்லை. ராத்திரி கண் முழித்துச் சொந்தமாக எழுதியவர்களின் ப்ராஜெக்ட்டும் அதே நன்றிப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. என் ஆதங்கம் அதுதான்.

ஏனென்றால் வியாபாரத்தின் தலைவலி எல்லாம் அந்தப் பக்கத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இளம்பிள்ளையில் எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார். சேலம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுசில்லை. அந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் போன்தான் கடை. அக்காவிடம் வெப்சைட் கிடையாது. ஒரு போன், ஒரு நீள நோட்டு, அவ்வளவுதான். காலையில் ஒரு சேலை போட்டோ போடுவார். ‘சிங்கிள்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கலரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று அர்த்தம். அதே போட்டோவை ரீசெல்லர்கள் எடுத்துத் தங்கள் குரூப்புகளில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ‘அவைலபிளா?’, ‘அவைலபிளா சிஸ்?’ என்று வந்து விழும். இருப்பதோ ஒரு சேலை, யாருக்குக் கொடுப்பது? அக்கா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். முதலில் கேட்டவருக்கு அரை மணி நேரம் எடுத்து வைப்பார். அதற்குள் பணம் ஏறாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் பலர் வந்தால் சமாளிக்கும் இந்த வித்தையைத்தான் டேட்டாபேஸ் பேப்பரில் கன்கரன்சி கன்ட்ரோல், லாக், டைம்அவுட் என்று படித்துப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம். ஆனால் எங்கள் லேபில் இருக்கும் கடைகளில் இரண்டு பிரவுசரைத் திறந்து, ஒரே நேரத்தில் ‘வாங்கு’ பட்டனை அழுத்திப் பாருங்கள். ஸ்டாக் மைனஸ் ஒன்றுக்குப் போகும். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லும். தட்கலுக்குக் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மற்ற வகுப்புகள் திறக்கும்போது ஐஆர்சிடிசி சர்வர் முன்னால் நடக்கும் சண்டையும் இதே சண்டைதான், அளவுதான் வேறு.

கூடை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அமேசான்காரர்கள் 2007ல் டைனமோ என்ற தங்கள் ஸ்டோரேஜ் அமைப்பைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சர்வர் விழுந்தாலும் நெட்வொர்க் அறுந்தாலும் கூடையில் பொருள் சேர்ப்பது மட்டும் நிற்கவே கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. அதற்குப் பதிலாக, நீங்கள் கூடையிலிருந்து எடுத்துவிட்ட பொருள் சில சமயம் திரும்பவும் கூடையில் வந்து உட்காரும். தெரிந்தேதான் அப்படி விட்டார்கள். சேர்த்த பொருள் காணாமல் போனால் விற்பனை போச்சு. நீக்கியது திரும்ப வந்தால் வாடிக்கையாளர் ஒரு முனகலோடு இன்னொரு முறை நீக்கிவிடுவார். இது கம்ப்யூட்டர்காரர் எடுக்கும் முடிவா, வியாபாரி எடுக்கும் முடிவா? எங்கள் கல்லூரியில் முன்பாதியை எம்.சி.ஏ. பிளாக்கிலும் பின்பாதியை எம்.பி.ஏ. பிளாக்கிலும் நடத்துகிறார்கள். நடுவில் கேன்டீன் இருக்கிறது. இரண்டு தரப்பும் சந்திப்பது அங்கே மட்டும்தான்.

பணத்துக்கு வருகிறேன். எங்கள் ப்ராஜெக்ட்டுகளில் பேமெண்ட் என்றால் இரண்டே நிலை: சக்சஸ், ஃபெயில்யூர். அக்காவின் நோட்டில் மூன்றாவதாக ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் எடுத்தாச்சு, இவர் கணக்கில் ஏறவில்லை. பார்சலை அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா? எதிர்ப்பக்கம் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டுக் கோபமாகக் காத்திருப்பார்கள். “ஸ்கிரீன்ஷாட்டு யார் வேணா அனுப்பலாம் கண்ணு, பேங்க்ல ஏறிருக்கான்னுதான் பாக்கோணும்” என்பார் அக்கா. ஒவ்வொரு யூபிஐ பரிவர்த்தனைக்கும் வரும் 12 இலக்க எண்ணில் கடைசி நாலு இலக்கத்தைப் பெயருக்கு நேராக எழுதி வைத்து, சாயங்காலம் பேங்க் கணக்கோடு ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறார். இதற்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர் வைத்துத் தனி டீமே வைத்திருக்கிறார்கள் பெரிய கம்பெனிகளில். எங்கள் சிலபஸில் அந்தச் சொல் ஒரு வரியில் வந்து போகிறது.

இப்படித் தொங்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே கெடு வைத்துவிட்டது. ஆளுக்கு ஆள் அனுப்பும் யூபிஐ பணம் போய்ச் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு. 2023 ஆகஸ்ட்டில் யூபிஐ ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அந்த அளவில் மிகச் சின்னப் பங்கு தொங்கினாலும் எத்தனை பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஈ-பிசினஸ் படிக்கும் ஒருவருக்கு இந்த விதி தெரியாமல் ‘பேமெண்ட் கேட்வே இன்டக்ரேஷன்’ என்று ரெஸ்யூமில் போடுவது எனக்கு உறுத்துகிறது.

ரிட்டர்ன் இன்னும் பெரிய கதை. ‘பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லையென்றால் டேமேஜ் ஏற்க மாட்டோம்’ என்று ஏன் எல்லாச் சேலைக்காரர்களும் எழுதுகிறார்கள்? வந்த பெட்டியில் உண்மையிலேயே கிழிந்த சேலை இருந்ததா, கட்டிப் பார்த்துவிட்டுக் கிழிந்தது என்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இல்லை. இதில் அநியாயமும் இருக்கிறது. வீடியோ எடுக்கத் தெரியாத வயதானவர் ஏமாந்துதான் போவார். இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக ஒரு ஏற்பாட்டை யோசிப்பது ஒரு நல்ல முதுநிலை ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

பாடப்புத்தகத்தின் வரலாறு எப்போதும் 1995ல் அமேசானில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னாலேயே, 1984ல், இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி, வீட்டு டிவியில் ரிமோட்டை அழுத்தி டெஸ்கோ கடையில் மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆர்டர் செய்திருக்கிறார். பட்டன் அழுத்தும் வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. முட்டை உடையாமல் வீடு வந்து சேர்வதுதான் இன்றைக்கும் பாடு.

எந்த ஆப்பில் இருப்பவரும் எந்த ஆப்பில் இருக்கும் கடையிலும் வாங்கலாம் என்று அரசு ஆதரவோடு வந்த பொது வலைப்பின்னல் ஓஎன்டிசி. அது 2022 ஏப்ரலில் சோதனை ஓட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அதன் அடித்தளம் பெக்ன் நெறிமுறை, அதாவது வாங்குபவர் ஆப்பும் விற்பவர் ஆப்பும் பேசிக்கொள்ளும் விதிகள். அதை யாரும் திறந்து படிக்கலாம். அதில் ஒரு வாங்கலுக்கான கட்டளைகளைப் பாருங்கள். ஆர்டர் உறுதியாகும் வரைக்கும் சர்ச், செலக்ட், இனிட், கன்ஃபர்ம் என்று நாலு. அதற்கு அப்புறம் ஸ்டேட்டஸ், டிராக், கேன்சல், அப்டேட், ரேட்டிங், சப்போர்ட் என்று ஆறு. எங்கள் ப்ராஜெக்ட் எல்லாம் நாலாவதிலேயே வீட்டுக்குப் போய்விடுகின்றன.

“பிளேஸ்மென்ட்டில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?” என்பான் என் கிளாஸ்மேட். ஒரு சொல்லின் எழுத்துகளைத் தலைகீழாக மாற்றும் புரோகிராம் எழுதச் சொல்வார்கள், அது வந்தால் போதும் என்பது அவன் வாதம். முதல் வேலைக்கு அவன் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த சீனியர்களைக் கேட்டால் பொழுதுக்கும் பார்ப்பது ரீஃபண்ட் கேட்கும் புகார், இரண்டு தடவை பணம் எடுத்த புகார், ஸ்டாக் கணக்கு ஒத்துவரவில்லை என்ற புகார் இவைதான் என்கிறார்கள்.

என் யோசனை ரொம்பச் சின்னது. ஒரு எம்.சி.ஏ., ஒரு எம்.பி.ஏ. என்று ஜோடி போட்டு, சொந்த ஊரில் ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் அனுப்புங்கள். சைட் கட்டித் தர வேண்டாம். அவர் நோட்டைப் படித்துவிட்டு வரட்டும்.

நான் ரிட்டர்னையும் பணம் சரிபார்ப்பையும் மட்டும் ப்ராஜெக்ட்டாக எடுத்திருக்கிறேன். கைடு பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இதுல ஹோம் பேஜ் எங்கம்மா?” கடைசியில் சம்மதித்துவிட்டார், நல்ல மனுஷர். வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாவிலோ சேலை, நைட்டி, மசாலாப் பொடி என்று எது விற்பவராக இருந்தாலும், தொங்கிப்போன பணத்தையும் திரும்பி வந்த பார்சலையும் நோட்டில் எப்படி எழுதி வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்பினால் இன்னும் நல்லது.